வெட்டாத மந்திரி

மே 27, திங்கள்

இலக்கியா காலைப் பேருந்தில் கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்விட்டாள். லீவுக்கு வந்த மகள் இரண்டு பொருள்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்று, துவைக்காத துணி மூட்டை. இன்னொன்று, அவளுடைய பழைய லேப்டாப். அதில் சதுரங்கம் ஆராயும் இன்ஜின் ஒன்றை ஏற்றியிருக்கிறாள்.

"நீயும் அப்பாவும் ஆடுன ஆட்டத்தையெல்லாம் இதுல போட்டு வெச்சிருக்கறேம்மா. தப்பா நகர்த்துன எடத்துல செவப்புக் கேள்விக்குறி போடும். பாரு, நல்லாப் பொழுது போகும்" என்றாள்.

நன்றாகத்தான் போயிற்று. நானும் அவரும் கோபியில் எங்கள் சதுரங்க மன்றத்தில் பல வருடங்களாக ஆடுகிறோம். போட்டியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். நான் ஜெயித்தவை ஐந்தே ஐந்து. அந்த ஐந்தையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒறம்பரை யார் வந்தாலும் காப்பியோடு அந்தக் கதையையும் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

ஐந்திலும் அவர் பக்கம் ஒரே ஒரு சிவப்புக் கேள்விக்குறி. சரியாக, நான் தோற்கப் போகிற கட்டத்தில். மற்றவர்களோடு அவர் ஆடிய ஆட்டங்களில் தேடித் தேடிப் பார்த்தேன், அவ்வளவு மட்டமான நகர்த்தல் ஒன்றுகூட இல்லை. தேதிகளைப் பார்த்தேன். ஒன்று என் பிறந்தநாள். ஒன்று கல்யாண நாள். ஒன்று என் அப்பாவின் காரியம் முடிந்த வாரம். ஒன்று இலக்கியாவை விடுதியில் விட்டுவிட்டு வந்து நான் அழுதுகொண்டிருந்த வாரம். ஐந்தாவது எதற்கென்று தெரியவில்லை. சும்மா பாவம் பார்த்திருப்பார்.

புருஷனுடைய அன்பை இப்படிச் சிவப்பு மையில் குறித்துக் காட்டினால் பெண்டாட்டி உருகிப்போவாள் என்று யாராவது நினைக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மே 28, செவ்வாய்

பாகற்காய் குழம்பு. பாகற்காய் பொரியல். அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

மன்றத்தின் கோப்பைப் போட்டி. இன்றைக்கு நான் ஜெயித்தேன், அவரும் ஜெயித்தார். அடுத்த ஞாயிறு கடைசிச் சுற்று. அவர் என்னைவிட அரைப் புள்ளி முன்னால் இருக்கிறார். கடைசிச் சுற்றில் யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்று செயலாளர் நாச்சிமுத்து அண்ணன் பலகையில் எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"குழந்தைவேலுக்கு டிரா போதும். செல்வநாயகிக்கு ஜெயிச்சே ஆகோணும். வூட்டுல அடிச்சுக்காதீங்க, இங்க வந்து அடிச்சுக்குங்க" என்றார்.

முதலில் வருகிறவர் மாவட்டத்தின் சார்பாகச் சென்னையில் ஆடுவார். எனக்குச் சென்னைகூடப் பெரிதில்லை. ஒரே ஒரு முறை இந்த மனிதரை நிஜமாக ஜெயிக்க வேண்டும். கேள்விக்குறி இல்லாமல்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்டியரிங்கை நம் கையில் கொடுத்து, நாம்தான் ஓட்டுகிறோம் என்று நம்பவைத்து, பக்கத்து சீட்டிலிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டிருப்பதுதான் அவர் தொழில். பலகையிலும் அதையேதான் செய்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஆட்டம் முடியவில்லை. முடியாததற்குக் காரணம் சாம்பார்.

எங்கள் மன்றம் கூடுவது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். வைகாசி முகூர்த்த மாதம். பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஒரு வரவேற்பு இருந்தது. நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் காகிதம் விரித்து இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தில் எல்லோரும் கைவிட்ட ஒரு பழைய விதி எங்கள் மன்றத்தில் மட்டும் இன்னும் உயிரோடிருப்பது இதனால்தான். பந்தி வந்துவிட்டால் ஆட்டம் நிற்கும். யார் நகர்த்த வேண்டுமோ அவர் தன் அடுத்த நகர்த்தலை யாருக்கும் காட்டாமல் எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு உறையைப் பிரித்து அங்கிருந்து தொடர வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது.

என் முறை. ஆட்டம் சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் தன் மந்திரியைக் கொண்டுவந்து என் சிப்பாயின் முன்னால் வைத்தார். சும்மா. வெட்டிக்கொள் என்பதுபோல. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் உடம்பெல்லாம் கொதித்தது. ஆறாவது தடவை! கடைசிச் சுற்றில்! சென்னைக்குப் போகிற வாய்ப்பையே எனக்குத் தட்டில் வைத்து நீட்டுகிறார் மகராசன். பிச்சை வேண்டாம். அந்த மந்திரியைத் தொடவே கூடாது என்று முடிவுகட்டி, கண்ணில் பட்ட முதல் உருப்படியான நகர்த்தலை எழுதினேன். ஓரத்தில் சும்மா நின்ற யானையை, திறந்து கிடந்த வரிசைக்குக் கொண்டுவருவது. உறை கிடைக்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் வரவேற்பு வீட்டாரிடம் ஒரு மொய்க் கவர் வாங்கிவந்தார். மஞ்சள் கவர், மூலையில் ஒரு ரூபாய் ஒட்டியது. நகர்த்தலை அதில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அதை அண்ணன் தன் செருப்புக் கடையில் ஒரு காலிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்.

"கம்ப்யூட்டருல போட்டுப் பாக்கலாமுங்களா?" என்று இவர் கேட்டார்.

"பாத்துக்குங்க. வேண்டாம்னா மட்டும் பாக்காம இருக்கப் போறீங்களா? தடுக்க முடியாததுக்கு எதுக்கு விதி போட்டுக்கிட்டு!" என்றார் அண்ணன்.

ஜூன் 10, திங்கள்

ஒரு வீடு, ஒரு லேப்டாப், இரண்டு எதிராளிகள். ஒப்பந்தம் போட்டோம். காலையில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பும்வரை லேப்டாப் எனக்கு. பொழுதோடு அவர் வந்ததிலிருந்து சாப்பாடுவரை அவருக்கு. முடித்ததும் பலகையைக் கலைத்துவிட வேண்டும். அவர் பார்க்கும்போது நான் சமையலறையில் இருக்க வேண்டும். நான் பார்க்கும்போது அவர் மொட்டை மாடியில் துணி காயப்போட வேண்டும். இதில் எனக்குத்தான் லாபம். இலக்கியாவின் துணி மூட்டை தீர்ந்துவிட்டது.

காலையில் நிலையைப் போட்டேன். இன்ஜின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மந்திரியை வெட்டு, உனக்கு ப்ளஸ் மூன்றரை என்றது. மூன்றரை என்றால் முழுசாக ஒரு காய்க்கு மேல் லாபம், ஜெயித்த ஆட்டம். நான் எழுதிக் கொடுத்த யானை நகர்த்தலைத் தேடினேன். கீழே நாலாவதாக இருந்தது. ப்ளஸ் ஒன்றுகூட இல்லை.

ரோசம் பார்த்து ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். பிச்சை போட்டவர் மேல் வந்த கோபம் இப்போது அதை வாங்காதவள் மேல் திரும்பிவிட்டது. இட்லிக்கு உப்புப் போட மறந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதே மூன்றரை.

ஜூன் 12, புதன்

காலையில் கார் எடுத்துக்கொண்டு இருவரும் சந்தைக்குப் போனோம். நான் ஓட்டினேன். எனக்கு லைசென்ஸ் கிடைத்துப் பல வருடமாயிற்று. ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த இன்னொரு பிரேக்கின் மேல் அவர் கால் போய்விடும். முன்னால் ஒரு மாட்டு வண்டி. நான் பிரேக் போடுவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

"காலை எடுங்க."

"என்ற கால் தானாப் போகுது புள்ள. பழக்கம்."

அங்கேயே கேட்டுவிட்டேன். "ஏனுங்க, ஆட்டத்துல நீங்க எனக்கு எப்பவாச்சும் விட்டுக் குடுத்திருக்கீங்களா?"

"நானா? உனக்கா?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அங்க பாரு, தக்காளி நல்லாச் செவந்து கெடக்குது. நிறுத்து, நிறுத்து."

இவருக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் தக்காளி வாங்க வரும்.

ஒன்றுமட்டும் எழுதி வைக்கிறேன். நேற்றிலிருந்து மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். குளிக்கும்போது பாடுகிறார். கண்ணாடி முன்னால் நின்று மீசையை இரண்டு பக்கமும் பார்த்தார். பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்த திருப்தியா இது? அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் பாகற்காய் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், மெஷின் சொன்ன எண்ணை அப்படியே நம்பாதே என்பது. ஆள் திடகாத்திரமாக நடந்து வருகிறார், ரிப்போர்ட்டில் ரத்தமே இல்லை என்று வந்தால், மறுபடி எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும். இன்று காலை பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக நான் பார்த்தது ஒரே எண். அந்த எண் எங்கே போய் முடிகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

மந்திரியை வெட்டுவதாக வைத்துக்கொண்டு, இன்ஜினையே இரண்டு பக்கமும் ஆடவிட்டேன். அவர் பக்கம் ஒரு சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் வந்தது. அவ்வளவுதான். திறந்து கிடந்த ஒரே வரிசை அடைபட்டுவிட்டது. என் சிப்பாய் தன் இடத்தில் நின்றிருந்தால் அந்த அடைப்பை உடைத்திருக்கும். அதுதான் மந்திரியை வெட்டப் போய்விட்டதே! பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. கோட்டைச் சுவர்தான். அதற்குள்ளே அவர் ராஜா இரண்டு கட்டத்தில் போவதும் வருவதுமாக உலாத்தினார். வெளியே நான் ஒரு காய் அதிகமாக வைத்துக்கொண்டு, யானையும் குதிரையும் ராணியுமாக, கதவில்லாத வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எண் மூன்றரையாகவே இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் குளித்துவிட்டு வந்தேன், மூன்றரை. டிபன் கட்டினேன், மூன்றரை. கடைசியில் இத்தனை நகர்த்தலாக யாரும் எதையும் வெட்டவில்லை, சிப்பாயும் நகரவில்லை என்று சொல்லி, லேப்டாப்பே ஆட்டத்தை டிரா என்று அறிவித்துவிட்டது.

டிரா. அவருக்கு டிரா போதும்.

கையில் டிபன் டப்பாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாடியிலிருந்து அவர் பாட்டுச் சத்தம். கிளிப் மாட்டியபடி பாடுகிறார்.

ஆனால் அவசரப்படக் கூடாது. இவ்வளவு தூரம் யோசித்தா செய்திருப்பார்? வழக்கம்போல விட்டுக்கொடுக்கப் போய், அது தற்செயலாகக் கோட்டையாகிவிட்டதோ என்னவோ. தெரியாமல் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

சந்தோஷப்படுகிறேன்.

மத்தியானம் இலக்கியா போன் பண்ணினாள். துணியெல்லாம் துவைத்தாயிற்றா என்று கேட்டாள். அப்பா துவைத்துக் காயப்போட்டுவிட்டார் என்றேன். சிரித்தாள். பேச்சோடு பேச்சாக, "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா சாமி?" என்று கேட்டேன்.

"அட, அப்பாவும் இதையேதான் கேட்டாரு!"

"எப்ப?"

"நான் கெளம்பி வந்த மறுவாரம். 'கம்ப்யூட்டர் ப்ளஸ் மூணுன்னு காட்டியும் ஜெயிக்க முடியாத ஆட்டம் இருக்குதா கண்ணு'ன்னாரு. இருக்குதுப்பா, கோட்டை கட்டிட்டா கம்ப்யூட்டருக்குப் புரியாதுன்னேன். நாலஞ்சு ஆட்டம் அனுப்பச் சொல்லி வாங்கிப் பாத்தாரு. எதுக்குப்பான்னா, 'உங்கம்மா இப்ப நெம்ப நல்லா ஆடறா. எனக்குப் பயமா இருக்குது'ன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"பயமா இருக்குதுன்னு. ஏம்மா?"

போனை வைத்துவிட்டு, பரிசோதனைக் கூடத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றுகொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்! திட்டம் போட்டு, மகளிடம் பாடம் கேட்டு, முகத்தைச் சாம்பார் வாளிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, என்னைக் குழியில் தள்ளப் பார்த்திருக்கிறார் பாவி மனுஷன்! நான் பேராசைப்பட்டு வெட்டுவேன், கம்ப்யூட்டரும் பலே என்று சொல்லும், நான் ஒரு வாரம் ஜெயித்த நினைப்பில் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திவிட்டு உள்ளே உலாத்துவார். அதற்குத்தான் அந்தப் பாட்டு. அதற்குத்தான் மீசை.

இத்தனை வருடக் கல்யாணத்தில் எனக்கு இவ்வளவு பெரிய மரியாதையை அவர் செய்ததில்லை.

போகும் வழியில் அரைக்கிலோ சர்க்கரையும் கேரட்டும் வாங்கிக்கொண்டு போய் அல்வா கிளறினேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன விசேஷம்?"

"ஒன்னுமில்லீங்க. சும்மா."

நான் மந்திரியை வெட்டியிருப்பேன் என்ற நம்பிக்கையில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

ஜூன் 15, சனி

இன்ஜினுக்கு என் யானை நகர்த்தல் பிடிக்கவில்லையே என்று மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். இப்போது புரிகிறது. யானை அந்த வரிசையில் வந்து நின்றுவிட்டால் அவரால் கதவைச் சாத்த முடியாது. அதன் பிறகு மந்திரியை வெட்டினால் அது நிஜமான வெட்டு. அவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். கோபத்தில் எழுதிய நகர்த்தல் இது. யோசித்து எழுதியிருந்தால் மந்திரியை வெட்டித்தான் தொலைத்திருப்பேன்.

பெரிய லாபம் ஒன்றுமில்லை. கொஞ்சம் முன்னிலை, நிறைய வேலை. இருக்கட்டும். வேலைக்கு நான் எப்போது பயந்தேன்?

பொழுதோடு அவர் லேப்டாப்பை எடுக்கவே இல்லை. "போதும், பாத்தாச்சு" என்றார். சென்னைக்கு எந்த ரயிலில் போகலாம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் பெர்த்து கிடைக்குமா என்று என்னையே கேட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மன்றத்தில் எல்லோரும் வந்து எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். நாச்சிமுத்து அண்ணன் செருப்புப் பெட்டியைத் திறந்து மொய்க் கவரை எடுத்தார். ஒரு ரூபாய் பத்திரமாக இருந்தது. கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, என் யானையைத் தூக்கித் திறந்த வரிசையில் வைத்தார்.

நான் பலகையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. மந்திரி எப்படி இன்னும் அங்கேயே நிற்கிறது என்பதுபோலப் பார்த்தார். பிறகு யானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீசை மெதுவாகக் கீழே இறங்கிற்று.

"வெட்டலையா?" என்றார், மெல்ல.

"வேண்டாமுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஆடியதை என்னவென்று எழுதுவது! மந்திரியைப் பின்னால் இழுத்தார். நான் அந்த வரிசை வழியாக உள்ளே நுழைந்தேன். ஒவ்வொரு அடிக்கும் சண்டை போட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார். டீ வந்து ஆறியது. நடுவில் நான் ஒரு தப்புப் பண்ணினேன், என் குதிரை போய்விட்டது. யாராவது பாவம் பார்த்தார்களா? உடனே வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் என் ஓரத்துச் சிப்பாய் ஒன்று அதற்குள் பாதி வழி போயிருந்தது. அதை அவர் பிடிக்க முடியாது என்று நான் கணக்குப் போட்டேன். மூன்று தடவை போட்டேன். ராணியாக்கினேன்.

அப்போதும் விடவில்லை. அவர் ராஜாவுக்குப் போக இடமில்லை, மிச்சமிருந்தது ஒரே ஒரு யானை. அதைக் கொண்டுவந்து என் ராணியின் வாயிலேயே வைத்தார். வெட்டினால் அவருக்கு நகர்த்த ஒன்றுமே இருக்காது, ஆட்டம் டிரா. ஒரு வாரத்தில் இரண்டாவது தடவை எனக்குச் சும்மா ஒரு காயை நீட்டுகிறார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராணியை நகர்த்தி ராஜாவுக்கு செக் வைத்தேன்.

தன் ராஜாவைத் தானே பலகையில் சாய்த்தார். பிறகு கையை நீட்டினார். கை சில்லென்று இருந்தது.

"நல்லா ஆடுன" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப சென்னைக்கு அம்மணிதான்" என்று நாச்சிமுத்து அண்ணன் கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார், இரண்டே தட்டு. மன்றத்துச் சாப்பாட்டில் பாயசம் வேண்டாம் என்றுவிட்டார். பாயசத்தை வேண்டாமென்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. மனிதருக்கு நிஜமான கோபம். நிஜமான வருத்தம். என் ஐந்து ஜெயத்திலும் சிரித்துச் சிரித்துக் கை கொடுத்தவர் இவர்தான். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. அவருடைய பாயசத்தையும் நானே வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில். அவரிடம் எப்போதும் இருக்கும் சின்ன மடக்குப் பலகையை எடுத்து மடியில் விரித்துக் காய்களைக் குத்திக்கொண்டே வந்தார்.

"அந்த மந்திரிய அங்க வெக்காம இருந்திருந்தா..." என்று தனக்குள் முனகினார். கொஞ்ச தூரம் போனதும், "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"எது?"

"கோட்டை."

"தெரியாதுங்க. எழுதறப்போ தெரியாது. எனக்கு விட்டுக் குடுக்கறீங்கன்னு நெனச்சு, கோவத்துல வெட்டல."

அவர் நிமிர்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "விட்டுக் குடுக்கறதா? கடைசி ரவுண்டுலயா? சென்னைக்குப் போறதையா? உனக்கென்ன கிறுக்கா புள்ள?" என்றார். அவ்வளவு கோபமாக அவர் என்னோடு பேசியதே இல்லை. மறுபடி பலகையில் குனிந்துகொண்டார்.

ஊருக்குள் திரும்பும் வளைவில் ஆட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. நான் போட்ட பிரேக்கில் நின்றது. பழக்கத்தில் அவர் காலைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து பிரேக் சும்மா கிடந்தது. செருப்பு கீழே கிடக்க, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிக்கொண்டிருந்தார். வண்டி நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

ஆடுகள் எல்லாம் போய் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.